உராய்வைப் புறக்கணிக்கவும்

என் மகளின் வீட்டுப்பாட நோட்டில் 'நிற்காது' என்ற விடையை எழுதவைத்தது நான்தான். அவள் முதலில் எழுதியிருந்தது வேறு. அதை ரப்பரால் அழித்ததும் நான்தான், அழித்த துகளை ஊதித் தள்ளியதும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விசாரணைக் குறிப்பேட்டில் இது வேறு மாதிரி பதிவாகியிருக்கிறது.

நான் பஸ் டிப்போவில் பிரேக் பார்க்கிறவன். இது நடந்தபோது அந்த வேலையில் இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. காலையில் ஒவ்வொரு பஸ்ஸும் வெளியே போவதற்கு முன்னால் அதன் அடியில் படுத்து, பிரேக் லைனிங் பட்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது, அது பிடிக்கிற சக்கர டிரம்மில் எண்ணெய் கசிந்திருக்கிறதா, காற்றுக் குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு டிரைவரை உட்காரவைத்து, வளாகத்தில் போட்டிருக்கும் இரண்டு வெள்ளைக் கோடுகளுக்குள் வண்டியை நிறுத்தச் சொல்வேன். நின்றால் மஞ்சள் சீட்டில் கையெழுத்துப் போட்டு முன்கண்ணாடியில் ஒட்டுவேன். அந்தச் சீட்டு இல்லாத வண்டியைக் காவலாளி வெளியே விடமாட்டார். பேனாவைத் திறக்கும் நேரத்தில் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் வந்துவிடும். "இன்னொருதரம் பாத்துடறேன்" என்று சொல்லி மறுபடி அடியில் போய்விடுவேன். இதனால் டிப்போவில் என் பெயரே 'இன்னொருதரம்' என்று ஆகிவிட்டது. சொந்தப் பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது.

மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அறிவியல் பிரிவில் சேரவேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. எட்டு வயதில் மேசை மின்விசிறியைப் பிரித்துப் போட்டுவிட்டு, தானே திரும்ப மாட்டியவள். ஒரு திருகு மிச்சமாகிவிட்டது. ஆனாலும் விசிறி ஓடியது. அந்தத் திருகு எங்கே போகவேண்டியது என்று ஒரு வாரம் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தாள். இப்படிப்பட்ட பிள்ளைக்கு இடம் கொடுக்காவிட்டால் நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான் என்பாள் என் மனைவி. பள்ளிக்கூடம் அப்படி நினைக்கவில்லை. அங்கே விதி என்னவென்றால், வருஷம் முழுக்க இயற்பியல் வீட்டுப்பாடத்தில் ஒரு பூஜ்யம்கூட வாங்காதவர்கள்தான் அறிவியல் பிரிவுக்கு விண்ணப்பிக்க முடியும். வருஷத்தின் கடைசி வீட்டுப்பாடம் வரைக்கும் அவள் ஒரு பூஜ்யமும் வாங்கவில்லை. கடைசி வீட்டுப்பாடத்தன்று நான் வேலை முடிந்து சீக்கிரம் வந்துவிட்டேன்.

சாப்பாட்டு மேசையில் நோட்டை விரித்துவைத்து எழுதிக்கொண்டிருந்தாள். பொதுவாக நான் அவள் புத்தகப் பக்கம் போவதில்லை. இயற்பியலில் தேறாதவன் நான். தேறாததால்தான் பிரேக் பார்க்கவே போனேன். ஆனால் அன்றைக்கு அந்தப் பக்கத்தில் ஒரு பஸ் படம் போட்டிருந்தது.

கணக்கு இதுதான். ஒரு பஸ் வினாடிக்கு இருபது மீட்டர் வேகத்தில் செல்கிறது. ஓட்டுநர் பிரேக் போடுகிறார். ஒவ்வொரு வினாடியும் வேகம் ஐந்து மீட்டர் குறைகிறது. பஸ் எவ்வளவு தூரம் சென்று நிற்கும்? உராய்வைப் புறக்கணிக்கவும்.

மகள் நாலே வரியில் போட்டுமுடித்து, நாற்பது மீட்டர் என்று எழுதி, அடியில் இரட்டைக்கோடு இழுத்திருந்தாள்.

"உராய்வைப் புறக்கணிக்கவும்னா என்னம்மா?" என்று கேட்டேன்.

"உராய்வே இல்லைன்னு வச்சுக்கணும்பா."

"எங்க இல்லை? டயருக்கும் ரோட்டுக்கும் நடுவுலயா, லைனிங்குக்கும் டிரம்முக்கும் நடுவுலயா?"

அவள் கணக்கை மறுபடி படித்தாள். "எங்கயுமே இல்லை போல."

"அப்ப பஸ் எப்படி நிக்கும்?"

இந்த இடத்தில் நான் எழுந்து முகம் கழுவப் போயிருக்கவேண்டும். போகவில்லை. அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததிலிருந்து முதல்தடவையாக, எனக்குத் தெரிந்த ஒரு விஷயம் அவளுடைய பாடத்தில் வந்திருக்கிறது. விடுவேனா? நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் பேசினேன். பிரேக் என்றாலே உராய்வுதான் என்றேன். லைனிங் டிரம்மைத் தேய்த்துப் பிடிப்பதால் சக்கரம் அடங்குகிறது, சக்கரம் ரோட்டைப் பிடிப்பதால் வண்டி அடங்குகிறது, ஓடிய வேகமெல்லாம் சூடாக மாறி டிரம்மில் ஏறிக்கொள்கிறது என்றேன். மலையிறங்கி வந்த வண்டியின் டிரம்மைத் தொட்டு விரல் வெந்த தழும்பைக் காட்டினேன். உராய்வை எடுத்துவிட்டால் டிரைவர் பெடலை அழுத்தலாம், அழுத்திக்கொண்டே இருக்கலாம், பஸ் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும் என்றேன். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவோரம் நின்று கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து நான் பேசி அவள் நின்று கேட்டது அதுதான் முதல்முறை. அதிலேயே எனக்குப் பாதிப் புத்தி போய்விட்டது.

"மிஸ் நாற்பதுதான்பா எதிர்பார்ப்பாங்க" என்றாள் மகள்.

"உங்க மிஸ் என்னிக்காவது பஸ்ஸுக்கு அடியில படுத்திருக்காங்களா?"

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். பிறகு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். சின்ன வயதிலிருந்து அவள் சொல்லும் வார்த்தை அது. நான் ரப்பரை எடுத்தேன். அவள் 'நிற்காது' என்று எழுதி, அதற்கும் இரட்டைக்கோடு போட்டாள்.

செவ்வாய்க்கிழமை நோட்டு திரும்பி வந்தது. சிவப்பு மையில் எழுதியிருந்தது: பூஜ்யம். எண் இல்லை. அலகு இல்லை. பணிவு இல்லை. பெற்றோர் வரவும். கீழே வட்டமாக ஒரு முத்திரை. விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

மகள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, அந்த வருஷத்து நோட்டுகளை எல்லாம் வரிசையாக அடுக்கினாள். மனைவி என்னைப் பார்த்து, "உங்களை யார் அன்னிக்குச் சீக்கிரம் வரச்சொன்னது?" என்று மட்டும் கேட்டாள். நியாயமான கேள்வி.

புதன்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இயற்பியல் மிஸ் மெலிந்த குரலில் பேசுகிறவர். என்னை மாடிப்படிக்கு அடியில் கூட்டிக்கொண்டு போய், சுற்றிலும் பார்த்துவிட்டு, நான் சொல்வதுதான் சரி என்றார். தானும் இதை ஒருமுறை கூட்டத்தில் கேட்டதாகவும், கேட்ட மறுநாளிலிருந்து சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொள்ளும் கூடுதல் பொறுப்பு தன்னிடம் வந்துவிட்டதாகவும் சொன்னார். மதிப்பெண் போடுவது தான் இல்லை, விடைக்குறிப்புதான் என்றார். எதுவானாலும் மாடியில் இருக்கும் வீட்டுப்பாடத் தர அலுவலகத்தில்தான் பேசவேண்டும்.

மாடியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். வருகையின் நோக்கம், வருபவரின் நிறை, ஆரம்ப வேகம் என்று மூன்று கட்டங்கள். நிறை எழுபத்தொரு கிலோ என்று எழுதினேன். ஆரம்ப வேகம் என்ற இடத்தில் 'நடந்து வந்தேன்' என்று எழுதினேன். அலகு இல்லை என்று எழுத்தர் திருப்பிக் கொடுத்தார். ஒரு எண் போட்டுக் கொடுத்தேன். அவர் அதைப் படிக்காமல் வாங்கிவைத்துக்கொண்டார். மூன்று மணி நேரம் மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். டிப்போவில் காட்டுவதற்கு, இங்கே இருந்தேன் என்று ஒரு சான்று கேட்டதற்கு எழுத்தர் தட்டாமல் எழுதிக் கொடுத்தார். 'மேற்படி நபர் மூன்று மணி நேரம் இவ்வலுவலகத்தில் இருந்தார். இடப்பெயர்ச்சி இல்லாததால் செய்த வேலை பூஜ்யம்' என்று இருந்தது. அப்பா மகள் இரண்டு பேருமே அந்த வாரம் பூஜ்யம்.

தர அதிகாரி நல்ல மனிதர். என்னை உட்காரச் சொன்னார். அவருடைய மேசைக்குப் பின்னால், சுற்றறிக்கை ஒன்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். எல்லா இயற்பியல் கணக்குகளும் 'உராய்வைப் புறக்கணிக்கவும்' என்ற வரியோடுதான் முடியவேண்டும் என்பது அதன் சாரம். நான் அதையே பார்ப்பதைக் கண்டு அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நான்தான் போட்டேன்" என்றார். "முன்னாடியெல்லாம் பிள்ளைங்க உராய்வைச் சேர்க்கணுமா வேண்டாமான்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. கேள்வின்னு வந்தா ஆசிரியர் பதில் சொல்லணும். பதில் சொன்னா அது தப்பாவும் இருக்கலாம். எதுக்கு வம்புன்னு எல்லாக் கணக்குக்கும் பொதுவா இந்த வரியைச் சேர்த்துட்டோம். மூணு வருஷமா ஒரு பிள்ளைகூட ஒரு கேள்வி கேக்கலை. எங்க அலுவலகத்தோட பெரிய சாதனை இது."

சாதனைக்கு உதாரணமாகப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். 'ஒருவர் மரப்பெட்டியைத் தரையில் சீரான வேகத்தில் இழுக்கிறார். பெட்டிக்கும் தரைக்கும் இடையே உள்ள உராய்வு விசையைக் காண்க. உராய்வைப் புறக்கணிக்கவும்.' விடை பன்னிரண்டு நியூட்டன் என்று கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தது. இன்னொரு கணக்கில் ஒருவர் ஈரத்தரையில் வழுக்கி விழுந்தார். அவருக்கும் அதே வரிதான்.

பஸ் நிற்காது சார் என்று, என்னால் முடிந்த பணிவோடு சொன்னேன்.

"போன வருஷம் மட்டும் நானூத்திப் பன்னெண்டு பிள்ளைங்க இந்த பஸ்ஸை நாற்பது மீட்டர்ல நிறுத்தியிருக்காங்க" என்றார் அவர். "ஒரு விபத்து உண்டா? உங்க டிப்போவுல அந்த மாதிரி சொல்லமுடியுமா?"

சொல்லமுடியாதுதான். எங்கள் டிப்போவில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பஸ் மதில்சுவரில் உரசியிருக்கிறது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். மறுநாள் தகராறான விடைகளை விசாரிக்கும் விடைக்குழு கூடுகிறது, மகளோடு வாருங்கள், வேண்டுமானால் ஆதாரம் கொண்டுவாருங்கள் என்று அனுப்பிவைத்தார்.

வியாழக்கிழமை தேய்ந்த பிரேக் லைனிங் ஒன்றையும், சின்ன டப்பாவில் எண்ணெயும், செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். இயற்பியல் ஆய்வகத்தில்தான் கூட்டம். நடுவில் தர அதிகாரி. ஒரு பக்கம் அலகு நிபுணர், இன்னொரு பக்கம் ஓரக்கோடு நிபுணர். இரண்டாமவருடைய வேலை, பக்கத்தின் இடதுபுறம் கோடு போட்டிருக்கிறதா என்று பார்ப்பது. என் மகளுடைய கோடு நேராக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் கடைசிவரை வேறு எதுவும் பேசவில்லை. அந்தக் குழுவில் எனக்குப் பிடித்தவர் அவர்தான்.

முதலில் தர அதிகாரி ஒரு விதியைப் படித்தார். வீட்டுப்பாடத்தில் வெளியார் தலையிட்டிருந்தால் மாணவருக்கு ஒரு வருஷம் தேர்வு எழுதத் தடை. படித்துமுடித்துவிட்டு என் மகளைப் பார்த்து, இந்த விடையை யார் சொன்னது என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"நானேதான் சார் யோசிச்சு எழுதினேன்."

அப்போது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை அவள். உள்ளங்கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் அவளுக்கு ஒரு வருஷம் போய்விடும், அதனால்தான் பேசாமல் இருந்தேன் என்று பலமுறை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட அது முழுசாகச் சமாதானம் தரவில்லை. பதினைந்து வயதுப் பெண் எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறாள், நான் எண்ணெய் டப்பாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

சோதித்தே பார்த்துவிடலாம் என்றார் அலகு நிபுணர். ஆய்வகத்தில் சக்கரம் வைத்த சின்னத் தள்ளுவண்டி ஒன்று இருந்தது. நீள மேசையில் கண்ணாடிப் பலகையைப் போட்டு, என் டப்பாவிலிருந்த எண்ணெயை முழுக்க ஊற்றி, சக்கரங்களை நூலால் கட்டி, வண்டியைத் தள்ளிவிட்டார்கள். வண்டி சறுக்கிக்கொண்டு போனது. குறையாத வேகத்தில் மேசை முழுவதும் ஓடி, அந்தப் பக்கம் சுவரையொட்டி இருந்த பரிசுக்கோப்பை அலமாரியில் மோதியது. இரண்டு கோப்பைகள் விழுந்தன. ஒன்று ஒழுக்கத்துக்காகப் பள்ளிக்கூடம் வாங்கியது.

"வண்டி நின்னுதா?" என்று தர அதிகாரி கேட்டார்.

"அலமாரி நிறுத்துச்சு சார்" என்றேன்.

"அலமாரி பாடத்திட்டத்துல இல்லை. நின்னுதா, நிக்கலையா?"

"நின்னுது."

"எழுதிக்கோங்க" என்றார்.

அலகு நிபுணர் நாடாவைப் பிடித்து அளந்தார். இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர். பஸ் இந்த வண்டியைப் போல எத்தனை மடங்கு பெரியது என்று என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன். பத்தொன்பது என்று வைத்துக்கொள்வோம் என்று சொல்லிப் பெருக்கினார். முப்பத்தொன்பது புள்ளி ஒன்பது வந்தது. உராய்வைப் புறக்கணித்தால் நாற்பது என்றார். குழு முழுவதும் ஒருவருக்கொருவர் கைகுலுக்கிக்கொண்டது. என் லைனிங்கை யாரும் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. சுற்றியிருந்த செய்தித்தாளை மட்டும் எண்ணெய் துடைக்க எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு தர அதிகாரியின் குரல் கனிந்தது.

"உங்க பொண்ணு கெட்டிக்காரி. அவ எதிர்காலத்துல மண்ணைப் போட எங்களுக்கு ஆசையா என்ன?" என்றார். "ஆனா இந்த விடையை அப்படியே விட்டா நாளைக்கு இன்னொரு பிள்ளை யோசிக்கும். அப்புறம் எல்லாரும் யோசிக்க ஆரம்பிச்சுடுவாங்க. எப்பத் திருத்தி முடிக்கறது? நீங்க அனுபவசாலி. நீங்களே ஒரு வரி எழுதிக் கொடுத்துட்டா விஷயம் முடிஞ்சுபோகும். பூஜ்யத்தை எடுத்துடறோம்."

வரியை அவர்களே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். கூட்டம் தொடங்குவதற்கு முன்பே தட்டச்சு செய்தது அது, தேதி புதன்கிழமை என்று இருந்தது. 'இருபத்திரண்டு ஆண்டு அனுபவமுள்ள பிரேக் தொழிலாளியாகிய நான், உராய்வு இல்லாத பஸ்ஸின் பிரேக்கை நேரில் சோதித்தேன். அது நாற்பது மீட்டரில் நிற்பதைக் கண்டேன். இதற்குச் சான்றாகக் கையெழுத்திடுகிறேன்.'

படித்தேன். பேனாவைத் திறந்தேன். வழக்கம்போல 'இன்னொருதரம்' என்று நாக்கு நுனி வரை வந்தது.

"வேண்டாம்பா" என்று மகள் மெதுவாகச் சொன்னாள். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

பள்ளிக்கூட விதியில் அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை போனால் போனதுதான். அந்த மின்விசிறித் திருகு ஞாபகம் வந்தது. கையெழுத்துப் போட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் வண்டியைப் பார்க்காமல் நான் போட்ட முதல் கையெழுத்து. அதை என் மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்து மற்ற நாளைவிட அழகாகவே வந்தது.

அவளிடம் ஒரு ரப்பரைக் கொடுத்தார்கள். 'நிற்காது' என்பதை அழித்தாள். ஏற்கெனவே நான் அழித்திருந்த இடம் என்பதால் தாள் மெலிந்துபோய் லேசாகக் கிழிந்தது. கிழிசலுக்குப் பக்கத்தில் நாற்பது மீட்டர் என்று எழுதி, இரட்டைக்கோடு போட்டாள். தாள் கிழிந்ததற்காக அரை மதிப்பெண் குறைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள்.

அவளுக்கு இடம் கிடைத்தது. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பள்ளி ஆண்டு விழாவில் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, 'உராய்வைப் புறக்கணித்த பெற்றோர்' என்று ஒரு கேடயம் கொடுத்தார்கள். ஒரு சாதாரணத் தொழிலாளிகூட அறிவியலின் பக்கம் வந்து நிற்கிறார் என்று தர அதிகாரி ஒலிபெருக்கியில் பேசினார். கூட்டம் கை தட்டியது. இயற்பியல் மிஸ் மட்டும் சைக்கிள்கள் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுப் பதிப்பில் அந்தக் கணக்குக்குக் கீழே என் வாக்குமூலத்தைக் கையெழுத்தோடு அச்சடித்தார்கள். ஒரு டிரைவருடைய பிள்ளை அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்ட, டிப்போ முழுக்கத் தெரிந்துபோயிற்று. லைனிங் வாங்குவதை நிறுத்திவிட்டு எண்ணெயே வாங்கிவிடலாமா என்று கேட்டார்கள். அந்தக் கேலி எனக்கு உறைக்கவில்லை. உறைத்தது வேறு. வண்டியை எடுக்கும் முன்னால், ஒரு வயசான டிரைவர் என் சீட்டைப் பார்த்துவிட்டு, இறங்கிப்போய்த் தானே ஒருமுறை குனிந்து பார்த்தார். முன்பு அவர் அப்படிப் பார்த்ததில்லை.

வீட்டில் மகள் என்னிடம் மரியாதையாகத்தான் இருந்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். முன்பெல்லாம் கிளட்ச் எப்படிப் பிடிக்கிறது, டயரில் ஏன் கோடு இருக்கிறது என்று நச்சரிப்பாள். அது நின்றுபோய்விட்டது. கணக்குப் போட உட்கார்ந்தால் முதலில் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து விடையைப் பார்த்துக்கொண்டு, அப்புறம்தான் ஆரம்பிப்பாள். நான் எட்டிப் பார்க்கவில்லை. சீக்கிரம் வருவதையும் விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னபோது பெருமைக்காகச் சொன்னேன், பொய்யைச் சொன்னபோது அவளுக்காகச் சொன்னேன். இரண்டிலும் மாட்டிக்கொண்டது அவள்தான். அதை அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தினமும் மேசைவரை போவேன். உப்பை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவேன்.

அடுத்த வருஷம் அறிவியல் பிரிவைப் பக்கத்து மாவட்டத்து அணைக்கட்டைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கள் டிப்போ பஸ்தான். பிள்ளைகள் காலையில் டிப்போ வாசலுக்கே வந்து வரிசையில் நின்றார்கள். தர அதிகாரி தலையில் தொப்பியோடு, கையில் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். ஒவ்வொருவராக ஏறினார்கள். மகள் படிக்கட்டில் ஒரு காலை வைத்தவள், முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டைப் பார்த்தாள். பிறகு காலை எடுத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"இது உங்க கையெழுத்தாப்பா?"

"ஆமாம்மா."

"அடியில படுத்துப் பாத்தீங்களா? இல்ல, கையெழுத்து மட்டும் போட்டீங்களா?"

அவள் குத்திக்காட்டவில்லை. குரலில் கோபமும் இல்லை. வண்டியில் ஏறப்போகிற ஒருத்தி, தெரிந்துகொள்ளவேண்டியதைக் கேட்டாள். விடியற்காலையிலேயே நான் இரண்டு தடவை அடியில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன். பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். நேரில் சோதித்தேன், நிற்பதைக் கண்டேன் என்று நான் ஏற்கெனவே ஒருமுறை எழுதிக் கொடுத்திருக்கிறேன் அல்லவா. அதே வார்த்தைகளைத்தான் இப்போதும் சொல்லவேண்டியிருந்தது. சொல்ல முடியவில்லை.

சீட்டைக் கண்ணாடியிலிருந்து பிய்த்து எடுத்தேன். டிரைவரை இறங்கச் சொன்னேன். நேரமாகிறது என்று தர அதிகாரி அதட்டினார், ஒன்பது மணிக்கு அணையில் இருக்கவேண்டும் என்று அட்டவணையைக் காட்டினார்.

"இன்னொருதரம் பாத்துடறேன் சார்" என்று சொல்லிவிட்டு, போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு அடியில் போனேன். மகளை வழியனுப்புவதற்காகப் போட்டுக்கொண்டு வந்த சட்டை. கொஞ்ச நேரத்தில் பக்கவாட்டில் இரண்டு முழங்கால்கள் தரையில் ஊன்றின. மகள் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். நான் டார்ச்சை ஒவ்வொரு சக்கரமாகப் பிடித்தேன். அவள் தலையை நீட்டி லைனிங்கின் கனத்தைப் பார்த்தாள், கை நீட்டி டிரம்மைத் தொட்டுப் பார்த்து எண்ணெய் இல்லை என்று விரலை முகர்ந்து உறுதிசெய்துகொண்டாள். நான்கு சக்கர முனைகளையும் பார்த்தாள். நான் ஒரு வார்த்தையும் விளக்கவில்லை. கேட்டாலொழியச் சொல்வதில்லை என்று இருந்தேன். அவள் கேட்கவில்லை. பிறகு டிரைவர் வெள்ளைக் கோடுகளுக்குள் வண்டியை நிறுத்திக் காட்டினார். அதையும் கிட்டப் போய் நின்று பார்த்தாள்.

நான் புதுச் சீட்டை எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒட்டினேன். முன்பு மாதிரி இருந்திருந்தால் 'நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்று அவள் எப்போதோ ஏறிப்போயிருப்பாள்.

"சரி, பாத்துட்டேன்" என்றாள். முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்தாள்.

பஸ் கிளம்பியது. வாசலில் சீட்டைப் பார்ப்பதற்காகக் காவலாளி கையைக் காட்டினார். பிரேக் பிடிக்கும் சத்தம் கேட்டது, வண்டி நின்றது. கரி படிந்த சட்டையோடு நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். கை காட்டப்போகிறாள் என்று நானும் கையைத் தூக்கினேன். அவள் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.